செஞ்சிக்கு ஒரு மாறுவேடப் பயணம்

1689. ராய்கட் கோட்டையை முகலாயர் முற்றுகையிட, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தெற்கே கிளம்பினார். போக வேண்டிய இடம், 1677இல் தந்தை பிடித்த செஞ்சிக் கோட்டை.

பன்ஹாளா கோட்டையிலிருந்து யாத்திரிகர் வேடத்தில் ஒரு சிறு கூட்டம் புறப்பட்டது. வழியில் கெளதி ராணி சென்னம்மா துணை நின்றார். பெங்களூரில் பணியாட்கள் ஒருவருக்குக் கால் கழுவிவிட்டதைப் பார்த்துச் சிலர் சந்தேகப்பட்டார்களாம். உடன் வந்த கண்டோ பல்லாள் பின்தங்கி அடி வாங்கினார், ராஜாராம் தப்பினார். தலைவனைவிடத் துணைவந்தவரின் துணிவே பெரிது.

செஞ்சியின் ராஜகிரிக் குன்று ராஜாராமுக்குக் காப்பாயிற்று. உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து கிடக்கிறது. மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே வழியில்லை. முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை 1690 முதல் சுற்றி நின்றது. 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை.