ரோட்டராக்ட் பிள்ளைகளும் தாய்ச் சங்கமும்: ஒரு சின்ன வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வயது 29. நாலு வருடமாக ஒரு ரோட்டராக்ட் சங்கத்தில் இருக்கிறான். இந்த வருடம் அவன்தான் தலைவர். காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "டீச்சர், சங்கத்தை மூடிடலாம்னு இருக்கோம். முப்பது பேர் இருந்தோம். இப்ப கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தா பெரிசு. தாய்ச் சங்கத்துல சொன்னா, இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்லைங்கறாங்க" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. உங்களில் சிலர் இன்று ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். சிலர் அந்த ஆறு பேர் மாதிரி இளைஞர் சங்கங்களில் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கதையின் தொடக்கம். 1905 பிப்ரவரி 23. சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களைக் கூட்டி உட்கார்ந்தார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் கடை வைத்திருந்தவர். ஹாரிஸ் சின்ன ஊரில் வளர்ந்து பெரிய நகரத்துக்குப் பிழைக்க வந்தவர். தெரிந்த முகம் இல்லாத ஊரில் நாலு பேர் நட்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் இடத்தில் சுழற்சி முறையில் கூடினார்கள். அந்தச் சுழற்சியில் வந்த பெயர்தான் ரோட்டரி. அன்று ஹாரிஸுக்கு வயது 36. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த, நாற்பதைத் தொடாத ஒரு மனிதரின் தனிமையில் பிறந்த சங்கம் இது.

இந்தியாவுக்கு 1919-ல் கல்கத்தா வழியாக வந்தது. சென்னைக்கு 1929-ல். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அன்றைய விதி. வருகிறவர் அந்தத் தொழிலில் பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். பெயர் பெறுவதற்கு வயதாக வேண்டுமே! ஆக, இளைஞராக இருந்தவர் ஆரம்பித்த சங்கம் மெல்ல மெல்லப் பெரியவர்களின் சங்கமாயிற்று.

இளையவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி 1960-களில் வந்தது. 1962 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் இன்டராக்ட் சங்கம் தொடங்கியது. அப்போது உலக ரோட்டரியின் தலைவர் நம் கல்கத்தாக்காரர் நிதிஷ் லஹாரி. 1968 மார்ச் 13-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் முதல் ரோட்டராக்ட் சங்கம். வயது வரம்பு பின்னாளில் 18 முதல் 30 வரை என்றானது. லயன்ஸ் அமைப்பு இதற்கு முன்பே, 1957-ல், பென்சில்வேனியாவில் ஒரு பள்ளியில் லியோ சங்கத்தைத் தொடங்கியிருந்தது.

1968 எப்படிப்பட்ட வருடம் என்று வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். பாரிஸில் மாணவர்கள் தெருவில். அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள். நம் தமிழ்நாட்டில் 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் இறங்கி, 1967-ல் ஆட்சியே மாறியிருந்தது. 1969 செப்டம்பரில் காந்தி நூற்றாண்டை ஒட்டி நம் அரசு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களின் வேகத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று உலகம் முழுக்கப் பெரியவர்கள் யோசித்த காலம் அது.

யோசித்தது நல்லதுதான். ஆனால் ரோட்டராக்டை அமைத்த விதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது ரோட்டரியின் ஒரு "திட்டம்". கண் சிகிச்சை முகாம் ஒரு திட்டம், மரக்கன்று நடுவது ஒரு திட்டம், அதுபோல இளைஞர்களும் ஒரு திட்டம். ஒரு ரோட்டரி சங்கம் கைகொடுத்தால்தான் ரோட்டராக்ட் சங்கம் பிறக்கும். 30 வயதானால் வெளியே வர வேண்டும். வெளியே வந்தவர் தானாக ரோட்டரியில் சேர்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அது உலகம் முழுக்க நடந்தது, நம் ஊரில் மட்டும் இல்லை.

இப்படியே 50 வருடம் ஓடியது. 2019-ல்தான் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் ரோட்டராக்ட் சங்கங்களையும் உலக அமைப்பின் உறுப்பினராக ஏற்றது. 2020 ஜூலை முதல் 30 வயது உச்சவரம்பு போயிற்று. தாய்ச் சங்கம் இல்லாமலும் தொடங்கலாம் என்றானது. 2022 ஜூலை முதல் ஆளுக்கு வருடச் சந்தாவும் வந்தது: கல்லூரிச் சங்கத்தில் 5 டாலர், ஊர்ச் சங்கத்தில் 8 டாலர்.

பெண்கள் விஷயத்திலும் இதே தாமதம்தான். 1977-ல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறு வருடம் அந்தச் சங்கத்தின் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-ல் விதியைத் திருத்தினார்கள். உலகத் தலைவராக ஒரு பெண், ஜெனிஃபர் ஜோன்ஸ், பொறுப்பேற்றது 2022-ல். பெரிய அமைப்புகள் கதவைத் திறக்காமல் இருப்பதில்லை. தாமதமாகத் திறக்கின்றன. அதற்குள் வெளியே நின்றவர்கள் வேறு வீடு பார்த்துப் போய்விடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். விதி மாறியும் இங்கே ஏன் ஆறு பேர்?

ஓசூரில் சிப்காட் வந்த பிறகு, 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் 50, டைட்டன் எல்லாம் வந்தன. டைட்டன் சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டது. அன்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிரந்தரமானார்கள். வீடு கட்டினார்கள். சிலர் லேத் பட்டறை போட்டு முதலாளி ஆனார்கள். மாலையில் வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போக முடிந்தது. ஏழரை மணிக் கூட்டம், பிறகு சாப்பாடு என்ற வழக்கம் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது.

இன்றைய பிள்ளையின் வாரம் வேறு. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்து சி. பலருக்கு ஒப்பந்த வேலை. அடுத்த வருடம் எந்தக் கம்பெனி என்பதே தெரியாது. பாதிப் பேர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறார்கள். தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் புதிய தொழிற்சாலைகளின் விடுதிகளில் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பால் ஹாரிஸ் தேடிய அதே துணையைத்தான் இவர்களும் தேடுகிறார்கள். ஆனால் புதன்கிழமை இரவு ஓட்டலில் சாப்பாட்டோடு நடக்கும் கூட்டத்துக்கு இவர்களில் யார் வர முடியும்? வாராவாரம் கூட வேண்டியதில்லை, மாதம் இரண்டு போதும், இணையத்திலும் கூடலாம் என்று 2016-லேயே ரோட்டரி சங்கங்களுக்கு விதியைத் தளர்த்திவிட்டார்கள். வழக்கம்தான் மாறவில்லை.

நேரம் மட்டும் காரணம் இல்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம்.

2016 செப்டம்பர். காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் நம் ஊர்ப் பேருந்துகளை எரித்தார்கள். பேருந்துகள் எல்லையோடு நின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டும் ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்து வந்தார்கள். அன்று என்னிடம் படித்த இரண்டு பையன்களும் அவர்கள் சங்கத்து நண்பர்களும் சாலையோரம் நின்று தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தாய்மொழி கன்னடமாக உள்ள பையனும் தெலுங்குப் பையனும் அதில் இருந்தார்கள். வந்தவர் யார், எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை. கைக்காசுதான்.

அடுத்த கூட்டத்தில் பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டுச் செய்தீங்க?" இரண்டாவது, "நம்ம பேனர் ஏன் கட்டலை?" அந்த மாதத்தோடு நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். நின்றவர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லையா, சொல்லுங்கள்.

அதற்காகப் பெரியவர்களைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். போலியோவை நினைத்துப் பாருங்கள். 1979-ல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்து, 1985-ல் உலகத் திட்டமாக்கி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ரோட்டரி. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் நம் பகுதி போலியோ இல்லாததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கள் பள்ளியிலும் ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து முகாம் நடக்கும். நானும் பெயர் எழுதி, விரலில் மை வைத்திருக்கிறேன். முப்பது வருடம் ஒரே வேலையை விடாமல் செய்ய ஒரு தலைமுறை போதாது. பணம், பழக்கம், கணக்கு, பொறுமை எல்லாம் வேண்டும். அது பெரியவர்களிடம் இருக்கிறது.

ரோட்டரியில் உள்ள ஒரு நண்பர் சொன்னார்: "டீச்சர், ரெண்டு வருஷத்துல மூணு தலைவர் மாறிட்டாங்க. வரவு செலவு நோட்டு யார்கிட்ட இருக்குன்னே தெரியலை. நாங்க எதை நம்பிப் பணம் கொடுக்கிறது?" இதுவும் நியாயம்தான். ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளைகள் நோட்டை ஒப்படைத்துவிட்டுப் போவதில்லை.

ஓசூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ரோட்டரியின் சின்னம் ஒரு பல்சக்கரம். 24 பல், 6 ஆரம். நடுத்துளையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஆரம்பத்தில் அது இல்லை. "கீவே இல்லாத சக்கரம் ஷாஃப்ட்டில் சும்மா சுற்றும், வேலை செய்யாது" என்று விவரம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டிய பிறகு, 1920-களில் சேர்த்தார்கள். உங்களில் மெஷின் ஷாப்பில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளைஞர் சங்கத்தை அருகில் மாட்டி வைத்தால் மட்டும் போதாது. சக்தி போய்ச் சேர ஒரு இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு, முடிவெடுக்கும் உரிமை. அது இல்லாமல் "நாளைய தலைவர்களே" என்று எத்தனை மேடையில் அழைத்தாலும் சக்கரம் சும்மாதான் சுற்றும்.

பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: கூட்ட நேரத்தை அந்தப் பிள்ளைகளின் ஷிப்டைக் கேட்டு வையுங்கள். சாப்பாடு வேண்டாம், டீ போதும்.

இரண்டு: வருடத்தில் ஒரு பணியை முழுக்க அவர்களிடம் விடுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். எங்கே, எப்படி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். தவறினால் தவறட்டும். நீங்கள் என் வகுப்பில் தவறாமலா படித்தீர்கள்?

மூன்று: அவர்களில் ஒருவரை உங்கள் நிர்வாகக் குழுவில் உட்கார வையுங்கள். நாற்காலி தூக்குவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

இளையவர்களுக்கு ஒன்றே ஒன்று: நோட்டை எழுதுங்கள். யார் வந்தார்கள், என்ன முடிவானது, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது. ஊரை விட்டுப் போகும்போது கையெழுத்து வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள். நம்பிக்கை என்பது பேச்சில் வருவதில்லை, கணக்கில் வருகிறது.

வந்த மாணவனிடமும் இதையே சொன்னேன். மூடுவதற்கு முன் இந்த ஆறு பேரும் ஒரு தடவை உட்காருங்கள், பெரியவர்களில் கேட்கத் தெரிந்த ஒருவரை மட்டும் கூப்பிடுங்கள் என்றேன். "சி ஷிப்ட் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை காலையில வேணா எல்லாரும் இருப்போம் டீச்சர்" என்றான். "அப்ப அதுதான் உங்க கூட்ட நேரம்" என்றேன். சிரித்தான். மூடுவார்களா நடத்துவார்களா என்பது இனி அவர்கள் கையில்.

இந்தப் பதிவைப் படிக்கும் பெரியவர்களில் யாராவது அந்த ஞாயிற்றுக்கிழமை போக முடியும் என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். சொற்பொழிவு வேண்டாம். போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்