57 நாள்: திருநாதர்குன்றுக் கல்வெட்டும் சாவச்சமும்

சாவச்சம் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்; உள்ளே இருப்பவை இரண்டு. இல்லாமல் போய்விடுவோமே என்பது ஒன்று, போகிற வழியில் என்ன பாடுபடப் போகிறோமோ என்பது மற்றொன்று. செத்தவனுக்கு உணர்வில்லை, ஆகவே துன்பமும் இல்லை என்ற கிரேக்க அறிஞர் எபிகூரசின் வாதம் முதல் அச்சத்துக்கு மட்டுமே விடை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் சமணக் கல்வெட்டு இரண்டாம் அச்சத்தை எதிர்கொள்கிறது என்பதே என் வாதம்.

24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகப் புடைத்து நிற்கும் அந்தக் குன்றில், பழைய வட்டெழுத்தில் ஒரு குறுஞ்செய்தி உள்ளது: 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை (நோற்று உயிர்நீத்த இடம்) இது. அவ்வளவுதான். எழுத்தியலார் வட்டெழுத்தின் வளர்ச்சிக்குச் சான்றாக இதைப் பெரிதும் போற்றுவர். சொல்லப்பட்ட செய்தியின் விந்தையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் எவ்வுலகம் புகுந்தார், எப்பேறு பெற்றார் என்ற பேச்சே இதில் இல்லை. பெயர், நோன்பு, நாள் கணக்கு ஆகியவை மட்டும் நிற்கின்றன. சாகும் காலம் முழுவதும் ஒருவர் செய்துமுடித்த செயலாகப் பதிவாகிறது. சாகும்போது தம் வசத்தில் எதுவுமே இராது என்ற திகில்தான் இரண்டாம் அச்சத்தின் வேர் என்றால், அந்த வேரைத்தான் சல்லேகனை என்னும் இந்தச் சமண உண்ணாநோன்பு பிடிக்கிறது. நாளெண்ணும் இந்தப் பழக்கத்தில் சற்றே பெருமை வாடை அடிக்கிறது. அது நோற்றவருடையதாக இராது, கல்வெட்டியவர்களுடையதாக இருக்கலாம்.

கல் உயிரோடிருந்தவர்கள் வெட்டியது, நோற்றவர் பட்ட வேதனைக்கு அது சாட்சியாகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் உடலியல் ஓரளவு துணைநிற்கிறது. உணவு நின்ற சில நாள்களில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்க, பசி பெரும்பாலும் தணிகிறது. நீரும் குறையும்போது வாய்வறட்சி வாட்டுகிறது. சோர்வு மிகுந்து, இறுதியில் உறக்கமும் மயக்கமுமாகக் கழிகிறது. நோவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அச்சம் கற்பனை செய்யும் இடையறாத சித்திரவதை அதுவன்று என்று மட்டும் சொல்லலாம்.

இது தற்கொலைதானே என்பது வலுவான மறுப்பு. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அப்படித்தான் கருதியது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சட்டம் எதுவானாலும், சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இந்நோன்பின் குற்றங்களாக ஐந்தைக் குறிக்கிறது. இன்னும் வாழ வேண்டுமென்ற ஆசை அவற்றுள் ஒன்று. விரைவில் சாக வேண்டுமென்ற ஆசையும் ஒன்று. தற்கொலையை உந்துவது எதுவோ அதுவே இங்கே நோன்பைக் கெடுக்கும் பிழை. இதே குன்றில் இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதாகப் பிற்காலக் கல்வெட்டொன்று சொல்கிறது. ஒருவருக்கு 57, ஒருவருக்கு 30: முடியும் நாளை யாரும் குறித்துவைக்கவில்லை, உடலே தீர்த்தது.

எளிதில் விடைகாண முடியாத மறுப்பு இன்னொன்று. துணிந்து செத்தவரைக் கொண்டாடும் ஊரில் துணிவு கடமையாகிவிடும். 1714இல் போரில் மாண்ட தேசிங்குராசனோடு அவன் இளம் மனைவி தீப்பாய்ந்தாள் என்பதும் செஞ்சி போற்றிவரும் கதையே; அவளைக் கேட்டவர் யார்? ஆகவே துறவியின் நோன்பை எல்லார்க்கும் விதியாக்க முடியாது. சந்திரநந்தி வேண்டும்போது நோன்பை முறித்திருக்க முடியுமா என்பதில்தான் என் வாதம் முழுவதும் தொங்குகிறது. அதற்குக் கல்லில் விடை இல்லை.