அழிந்ததும் மீண்டதும் – 9: பிழை எட்டாத அலமாரி

எத்தனை நகல் வைத்திருந்தால் ஒரு தரவு அழியாது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். எண்ணிக்கையில் பதில் இல்லை என்று காட்டிய நாள் 2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை.

அன்று ஜிமெயிலைத் திறந்த சிலரின் இன்பாக்ஸில் ஒரு கடிதம்கூட இல்லை. வந்தவை, அனுப்பியவை, பிரித்து அடுக்கிய லேபிள்கள் எல்லாம் போயிருந்தன. பல வருடம் பழகிய கணக்கு, அப்போதுதான் தொடங்கியதுபோல் வெறுமையாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 0.08 சதவீதம் என்ற ஆரம்ப மதிப்பீட்டை கூகுள் பிறகு 0.02 ஆகக் குறைத்தது. ஜிமெயிலின் பரப்பில் அதுவே பல்லாயிரம் பேர்.

சேமிப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. பொறியாளர்கள் அதன் பரவலை நிறுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். காயம் பெருகுவது நின்றது. போன கடிதங்கள் திரும்பவில்லை.

நகல் இல்லாமலா? இருந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் பல தரவு மையங்களில் வைத்திருந்தது கூகுள். ஒரு வட்டு பழுதானாலும், ஒரு கட்டடமே தீப்பிடித்தாலும் வேறிடத்து நகல் கைகொடுக்கும். ஆனால் அந்த நகல்களையெல்லாம் ஆள்வது ஒரே மென்பொருள். பிழை அதற்குள்ளேயே புகுந்தால் எந்த ஊரில் இருக்கும் நகலையும் அது தொட்டுவிடும். தானாக நடக்கும் நகலெடுப்பின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். சரியானதை எவ்வளவு வேகமாகப் பரப்புகிறதோ, தவறானதையும் அதே வேகத்தில் பரப்பும்.

மிஞ்சியது காந்த நாடா. பழங்காலச் சாதனம் என்று பலர் ஒதுக்கிய டேப். வலையோடு தொடர்பில்லாமல் தனியே இருப்பதால் அந்தப் பிழை அதை எட்டவில்லை என்று மறுநாள் விளக்கினார் கூகுளின் பொறியியல் துணைத் தலைவர் பென் ட்ரெய்னர். மற்றொரு மையத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வரக்கூடிய தரவு, நாடாவிலிருந்து வர மணிக்கணக்கில் ஆகும். மீட்பு நடக்கும்போது சிலரால் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை.

வாடிக்கையாளர்களின் புழக்கத்தில் இருந்த தரவை இத்தனை பெரிய அளவில் நாடாவிலிருந்து கூகுள் மீட்டது அதுவே முதல்முறை. ஆனால் கைக்குப் புதிய வேலை அல்ல; இப்படி ஒரு பேரிழப்பு நேர்ந்ததாக வைத்துக்கொண்டு பலமுறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். அதனால்தான் எப்போது முடியும் என்று கணித்துச் சொல்ல முடிந்தது. சொன்ன நேரத்துக்குள் 99 சதவீதத்துக்கு மேல் மீண்டது. என்னைக் கேட்டால், அன்று கடிதங்களைக் காப்பாற்றியதில் நாடாவுக்குப் பாதிப் பங்குதான், மறுபாதி ஒத்திகைக்கு.

நாடாவாலும் அடைக்க முடியாத இடைவெளி ஒன்று இருந்தது. அமெரிக்க பசிபிக் நேரப்படி 27 மாலை 6 மணி முதல் 28 பிற்பகல் 2 மணி வரை, பாதிக்கப்பட்ட கணக்குகளுக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. வந்தே சேராத கடிதத்துக்கு நகல் ஏது?

சிறு அலுவலகங்களில் மெயில் சர்வர் நடத்துபவர்கள் மீட்பு ஒத்திகையின் இந்தப் பாடத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பேக்கப் மென்பொருள் தினமும் பச்சைக் குறி காட்டும். அது எடுத்தது அஞ்சல் பெட்டிக் கோப்புகளை மட்டுமாக இருக்கலாம். பயனர் பட்டியல், கடவுச்சொல் தரவுத்தளம், மாற்றுமுகவரிகள், அனுப்பும் அஞ்சலில் கையொப்பமிடும் டிகேஐஎம் சாவி ஆகியவை வேறு அடைவுகளில் கிடக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்தால் அது பாதியில் அறுந்த நிலையில் பதிவாகலாம். வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்காதவரை இவை எதுவும் தெரியவராது.

தெரியவராமல் போனால் என்ன ஆகும்?

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சர்வரில் அழித்தார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி தரவுத்தளத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினமும் தானாக பேக்கப் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. அது தோற்றால் மின்னஞ்சலில் எச்சரிக்கை வர வேண்டும். அப்படி எதுவும் யாருக்கும் வந்திருக்கவில்லை. நகல்கள் போய்ச் சேரும் இடத்தைத் திறந்தார்கள்.

அங்கே ஒன்றுமே இல்லை.

பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை அஞ்சல்களும் கிளம்பிக்கொண்டே இருந்தன. அவற்றை வழியில் நிறுத்தியது எது?

(தொடரும்)