நான்கு இடங்களும் ஒரு டைரானிடாரும்

போன செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச இரவு விடுதி அறையில இரண்டு ஃபோன்களை வைச்சுக்கொண்டு போக்கிமோன் ஷோடவுனில் மோதிக்கொண்டிருந்தோம். விதிகள் நான்காம் தலைமுறையுடையவை, அதாவது டயமண்ட், பேர்ள் காலத்தவை. எதிர்ப்பக்கம் விஞ்ஞான பீடத்து நண்பன். எங்கட பக்கம் களத்தில ஸ்டார்மி நிற்குது, உடம்பில ஒரு கீறல் இல்லை. அவன் டைரானிடாரை இறக்கினான். டைரானிடாரின் அடிப்படை வேகம் 61, ஸ்டார்மியின்ர வேகம் 115. பயப்பட என்ன இருக்கு? ஒரு சேர்ஃப் அடிச்சுப்போட்டு அடுத்ததைப் பார்ப்பம் எண்டு பொத்தானை அமத்தினோம். டைரானிடார் முந்திக்கொண்டு கிரஞ்ச் அடிச்சுது. ஸ்டார்மி முடிஞ்சுது.

பிறகு கணக்குப் பார்த்தோம். நூறாம் லெவலில் முழு வேகத்துக்கு வளர்த்த ஸ்டார்மிக்கு 361. வேகத்தைக் கூட்டும் ஜொலி சுபாவத்தோட, சொய்ஸ் ஸ்கார்ஃப் கட்டின டைரானிடாருக்கு 364. மூன்றே மூன்று புள்ளி. "இது பழைய செட்தானே, எல்லாருக்கும் தெரியும்" எண்டு நண்பன் சொன்னான். எங்களுக்குத் தெரிஞ்சிருக்கேல்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஆக்களுக்கு அந்த வசனம் வேற மாதிரிக் கேட்டுது. பழைய செட் எண்டால் எவ்வளவு பழசு? அந்த மூன்று புள்ளியை யாருக்காகச் சேர்த்தவங்கள்? இந்தக் கட்டுரை அந்த இரவில இருந்து வந்தது.

விளையாடாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். ஒரு போக்கிமோன் பல டசின் மூவ்களைக் கற்கக்கூடியதாக இருக்கலாம். ஆனால் சண்டைக்குப் போகும்போது நான்கைத்தான் கொண்டுபோகலாம். அதோட கையில ஒரு பொருள். மூன்றாம் தலைமுறையில இருந்து 25 சுபாவங்களில ஒன்று, பயிற்சிப் புள்ளிகள் மொத்தமாக 510. இவ்வளவும் சேர்ந்ததைத்தான் 'செட்' எண்டு சொல்லுறது. பெரும்பாலான போக்கிமோன்களுக்கு ஒன்றிரண்டு செட்தான் பொருந்தும். டைரானிடார் அப்படியில்லை. பாறையும் இருளும் கலந்த டைப். உயிர் 100, தாக்குதல் 134, பாதுகாப்பு 110, விசேட தாக்குதல் 95, விசேட பாதுகாப்பு 100, வேகம் 61. கூட்டினால் 600. ஃபயர் பிளாஸ்ட், ஐஸ் பீம், தண்டர்போல்ட், சேர்ஃப், எர்த்குவேக் எண்டு நெருப்பு, பனி, மின்சாரம், தண்ணி, நிலம் எல்லாத்தையும் கையில எடுக்கும். வேகத்தைத் தவிர இதுக்குக் குறை சொல்ல ஏதும் இருந்தால் அது பலவீனப் பட்டியல்தான்: சண்டை டைப் நான்கு மடங்கு அடிக்கும், அதுக்கு மேலால தண்ணி, புல், நிலம், பூச்சி, இரும்பு.

எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு நான்கு இடம்தான் எண்டதுதான் பிரச்சினை. ஐஸ் பீம் போட்டால் ஃபயர் பிளாஸ்டை விடவேணும். அப்ப எதை விடுறது? அதைத் தீர்மானிக்கிறது டைரானிடார் இல்லை. அந்தக் காலத்தில எதிரில் நிற்கிற போக்கிமோன்கள்தான். அதனால ஒரு செட்டை அது பிறந்த காலத்தின் பயங்களை எழுதி வைச்ச ஆவணமாக வாசிக்கலாம் எண்டு நினைக்கிறோம். கல்வெட்டில வரி விலக்கு எண்டு ஒரு சொல் வந்தால், வரி இருந்தது எண்டு நாங்கள் வாசிக்கிறதில்லையா, அதே முறைதான்.

டைரானிடார் வந்தது 1999 நவம்பர் 21, ஜப்பானில் கோல்ட், சில்வர் வெளியான நாள். அங்க அதன் பெயர் பாங்கிராஸ். லார்விடாரை 30ஆம் லெவல் வரைக்கும், பிறகு 55 வரைக்கும் வளர்த்தால்தான் கிடைக்கும். அந்தத் தலைமுறையின் களம் ஸ்னோர்லாக்ஸின் களம். கர்ஸ் போட்டுத் தாக்குதலையும் பாதுகாப்பையும் ஏத்திக்கொண்டு, ரெஸ்டில் நித்திரை கொண்டு எழும்பி வருகிற அந்தப் பெரிய வயிற்றை நிறுத்துறதுதான் எல்லாருக்கும் வேலை. பாறை டைப் நோர்மல் அடியைத் தாங்கும். அதனால டைரானிடாருக்கு ரோர் குடுத்தாங்கள்: ஏத்தின ஸ்னோர்லாக்ஸைக் கத்தித் துரத்திவிட. ஸ்னோர்லாக்ஸிட்ட எர்த்குவேக் இருந்தால் கதை வேற. அந்தக் காலத்தில எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில நிரப்பலாம், சுபாவம், அபிலிட்டி ஒன்றும் கிடையாது. ஒரு டைரானிடாருக்கும் இன்னொரு டைரானிடாருக்கும் வித்தியாசம் நான்கு மூவிலும் ஒரு பொருளிலும் மட்டும்தான்.

2002 நவம்பரில் ரூபி, சஃபையர். எங்கட கணிப்பில டைரானிடாரின் உண்மையான வரலாறு இங்கதான் தொடங்குது, அதனால இதில கொஞ்சம் நிண்டு கதைப்போம்.

முதலாவது, சாண்ட் ஸ்ட்ரீம் எண்ட அபிலிட்டி. டைரானிடார் காலை வைச்சவுடனே மணல் புயல். பாறை, நிலம், இரும்பு டைப் அல்லாத எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் உயிரில பதினாறில் ஒரு பங்கு போகும். லெஃப்ட்ஓவர்ஸ் எண்ட பொருள் திருப்பித் தருகிறதும் பதினாறில் ஒரு பங்குதான். ஆக, டைரானிடார் ஒன்றும் செய்யாமல் நிண்டாலே எதிரியின் சாப்பாடு பறிபோகுது.

இரண்டாவது, அந்தக் காலத்து விசித்திர விதி. ஒரு அடி உடம்பு அடியா விசேட அடியா எண்டதை அதன் டைப்தான் தீர்மானிச்சுது. பாறை உடம்பு, இருள் விசேடம். டைரானிடாரின் சொந்த டைப் இரண்டும் இரண்டு பக்கம் இழுக்குது: ரொக் ஸ்லைட் 134இல இருந்து வரும், கிரஞ்ச் 95இல இருந்து வரும். இது ஒரு குறை எண்டுதான் முதலில் தோணும். ஆனால் அப்ப களத்தைப் பூட்டி வைச்சிருந்தது ஸ்கார்மொரி, பிளிஸ்ஸி சோடி. ஸ்கார்மொரிக்குப் பாதுகாப்பு 140, உடம்பு அடி ஏறாது. பிளிஸ்ஸிக்கு உயிர் 255, விசேட பாதுகாப்பு 135, விசேட அடி ஏறாது. ஆனால் உடம்புப் பாதுகாப்பு வெறும் 10. இரண்டு பக்கமும் அடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் அந்தச் சோடிக்கு முன்னால வந்தால் என்ன நடக்கும்? டைரானிடாரைக் கண்டவுடன் எதிரி வழமைப்படி ஸ்கார்மொரியை மாத்துவான், ஃபயர் பிளாஸ்ட் விழும். அதுக்குப் பயந்து பிளிஸ்ஸியை மாத்தினால், சப்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால நிண்டு ஃபோகஸ் பஞ்ச் விழும், பலம் 150.

இதே டைரானிடார் இந்த மூவ்கள் ஒன்றுமே இல்லாமலும் வரலாம். டிராகன் டான்ஸ், முட்டை வழியாகக் குடுக்கிற மூவ். ஒருமுறை ஆடினால் தாக்குதலும் வேகமும் ஒன்றரை மடங்கு. அந்தச் செட்டின் நாலாவது மூவைப் பாருங்கோ: ஹிடன் பவர், பூச்சி டைப். முதல் தரம் வாசிச்சபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிரமாண்டமான மணல் அரக்கனுக்குப் பலம் 70 உள்ள பூச்சிக் கடி. ஆனால் ரொக் ஸ்லைட், எர்த்குவேக் இரண்டையும் தாங்கி நிற்கக்கூடிய ஆக்கள் ஆர் எண்டு தேடினால் செலிபி வரும், கிளேடொல் வரும். புல்லும் மனசக்தியும் சேர்ந்த செலிபிக்குப் பூச்சி நான்கு மடங்கு. கிளேடொலுக்கு இரண்டு மடங்கு. மேல பூச்சி டைப் அப்ப உடம்பு அடிக் கணக்கில வரும், 134இலயே அடிக்கலாம். அந்த இரண்டு பெயரும் செட்டில் எங்கயும் எழுதியில்லை. ஆனால் அவை இல்லாமல் அந்த நாலாவது வரிக்கு அர்த்தமே இல்லை.

ஸ்வாம்பெர்ட்டுக்குப் பயந்தவங்கள் அதே இடத்தில புல் டைப் ஹிடன் பவர் போட்டாங்கள். சலமென்ஸ், ஃப்ளைகொன் தொல்லை உள்ளவங்கள் ஐஸ் பீம். இப்ப எதிரியின் பக்கம் இருந்து யோசியுங்கோ. திரையில் ஒரே டைரானிடார்தான் தெரியுது. அது ஆடப்போகுதா, நெருப்பு விடப்போகுதா, குத்தப்போகுதா? தவறாக ஊகிச்சால் ஒரு போக்கிமோன் போகும். பல்திறமை எண்டு நாங்கள் சொல்லுறது உண்மையில டைரானிடாருக்குள்ள இருக்கிற ஒன்று மட்டுமில்லை; எதிரியின் தலைக்குள்ள இருக்கிற குழப்பமும்தான்.

2006 செப்டெம்பரில் டயமண்ட், பேர்ள் வந்து அந்த விசித்திர விதியை எடுத்துப்போட்டுது. இனி ஒவ்வொரு மூவும் தனித்தனியாக உடம்பு அல்லது விசேடம். கிரஞ்ச் உடம்புப் பக்கம் வந்தது, 134 இரண்டு டைப்புக்கும் கிடைச்சுது, பலம் 100 உள்ள ஸ்டோன் எட்ஜும் வந்தது. மணல் புயலில் பாறை டைப்பின் விசேட பாதுகாப்பு ஒன்றரை மடங்காச்சு. டைரானிடார் இதால பெரிசாகப் பலம் பெற்றது எண்டு எல்லாரும் சொல்லுவாங்கள். பாதிதான் சரி எண்டு எங்களுக்குப் படுது. பலம் கூடினது, ஆனால் ஆளைப் படிக்கிறது லேசாச்சு. எல்லாம் 134இல இருந்தே வரும்போது விசேட அடி போடுற தேவை குறைஞ்சுபோச்சு.

குழப்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது பொருள்கள். எங்கட ஸ்டார்மியைக் கொன்ற சொய்ஸ் ஸ்கார்ஃப் இந்தத் தலைமுறையில்தான் வருது. அது வேகத்தை ஒன்றரை மடங்காக்கும், பதிலுக்கு முதல் எடுத்த மூவிலேயே பூட்டிவிடும். கணக்கைக் கவனியுங்கோ. ஒரு டிராகன் டான்ஸும் ஒரு ஸ்கார்ஃபும் தருகிற வேகம் ஒன்றேதான்: வேகம் கூட்டாத சுபாவத்தில் 331, ஜொலியில் 364. முந்தி ஒரு முறையைச் செலவழிச்சு வாங்கினதை இப்ப சுதந்திரத்தைக் குடுத்து வாங்கலாம். 331 எண்டால் அடிப்படை வேகம் 100 உள்ளவையை (328) தாண்டும், ஜெங்காரை (350) தாண்டாது. 364 எண்டால் ஜெங்காரையும் ஸ்டார்மியையும் தாண்டும். ஆக ஜொலியைத் தேர்ந்தெடுத்தவன் தாக்குதலில் பத்தில் ஒரு பங்கைக் கைவிட்டதே இந்த மாதிரி ஆக்களுக்காகத்தான். அந்த மூன்று புள்ளி எங்களைப் போன்றவர்களுக்காகவே சேர்க்கப்பட்டிருக்கு.

அதோட பர்ஸ்யூட். பலம் 40தான், ஆனால் எதிரி மாறி ஓடினால் ஓடுறதுக்கு முன்னமே இரட்டிப்பாக விழும். ஜெங்கார் நிண்டால் கிரஞ்ச், ஓடினால் பர்ஸ்யூட். இந்த மூவ் எதிரியைக் கொல்லுறதுக்கு மேலால தன்ர அணியில உள்ள இன்னொருவனுக்கு வழி வெட்டிக் குடுக்குது. இதுக்கு முதல் டைரானிடார் பெரும்பாலும் தனக்காகச் சண்டை பிடிச்சுது. இங்க கூலிக்கு வேலை செய்யுது.

2008இல பிளாட்டினம் வந்து ஸீஸருக்கு புல்லட் பஞ்ச் குடுத்தது. முந்திக்கொண்டு அடிக்கிற இரும்புக் குத்து. எவ்வளவு ஆடி வேகம் ஏத்தினாலும் பிரயோசனம் இல்லை. டிராகன் டான்ஸ் ஆக்கள் அடங்கிப்போனாங்கள் எண்டு நினைச்சால், சிலபேர் பபிரி பெரியைக் கையில குடுத்து அனுப்பினாங்கள். அது ஒரு முறை மட்டும் இரும்பு அடியைப் பாதியாக்குகிற பழம். அதன் வேலை முழுக்க முழுக்க ஸீஸர்தான். ஒரு செட்டில் பபிரி பெரியைக் கண்டால் அது பிளாட்டினத்துக்குப் பிந்தியது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மட்பாண்டத் துண்டை வைச்சுக் காலம் சொல்லுறதைவிட லேசு.

அடுத்த இரண்டு தலைமுறையை ஓடிக் கடப்போம். 2010இல பிளாக், வைட்: மழைக்குப் பொலிடோட், வெயிலுக்கு நைன்டேல்ஸ், மணலுக்கு டைரானிடார் எண்டு வானிலைச் சண்டை, எக்ஸ்கட்ரில் மணலில் இரட்டை வேகத்தில ஓடி, ஸ்மோகன் ஆக்களின் வழமையான களத்தில இருந்து தடை செய்யப்படுகிற அளவுக்குப் போச்சு. 2013இல எக்ஸ், வை: அபிலிட்டி மணல் ஐந்து முறையோட நிற்கும், ஃபெயரி டைப் ஏழாவது பலவீனமாக வந்து சேர்ந்தது, பதிலுக்கு மெகா டைரானிடார் 164 தாக்குதலோட வந்தது. மெகா எண்டால் கல் ஒன்றைக் கட்டாயம் பிடிக்கவேணும். ஸ்கார்ஃபா பழமா எண்ட கேள்வியே இல்லை. எங்களுக்கு அதில பெரிசா விருப்பமில்லை.

ஆனால் ஐந்தாம் தலைமுறையில வந்த இன்னொரு மாற்றம் முக்கியம்: சண்டை தொடங்க முதல் இரண்டு பக்கமும் ஆறு போக்கிமோன்களையும் பார்க்கலாம். மறைஞ்சிருந்த தகவல் 'ஆர் வருவான்' எண்டதில இருந்து 'அவன் என்ன வைச்சிருக்கிறான்' எண்டதுக்குச் சுருங்கிச்சு. ஒரே வேலை செய்யிற போக்கிமோன் பட்டியலில் தெரிஞ்சவுடனே முழுக்கத் தெரிஞ்சுபோகும். டைரானிடார் பாதிதான் தெரியும். பல்திறமைக்கு விலை ஏறினது இங்கதான்.

2019இல சோர்ட், ஷீல்ட் வந்தபோது பர்ஸ்யூட்டும் ஹிடன் பவரும் இரண்டுமே இல்லை. இந்தக் கட்டுரையில நாங்கள் தூக்கிப் பிடிச்ச இரண்டு ஆவணங்களும் ஒரே நாளில் செல்லாக்காசு. ஸ்கார்லெட், வயலட் காலத்து அதிகாரபூர்வ நேரடிப் போட்டிகளில் மூவ், பொருள் எல்லாம் எழுதின தாளை எதிரிக்கே குடுத்துவிட வேணும். ஸ்கார்ஃப் எண்டால் ஸ்கார்ஃப் எண்டு முதலே வாசிச்சிடுவான். இது நியாயமானது எண்டதை மறுக்கேலாது: நிறைய நண்பர்களோட வந்து உளவு பார்க்கிறவனுக்கும், தனிய வந்து நிற்கிறவனுக்கும் இப்ப ஒரே தகவல். தனிய நிண்டு பழகின ஆக்கள் நாங்கள், இதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் எங்கட ஸ்டார்மி அண்டைக்குச் செத்த மாதிரி அங்க ஒரு ஸ்டார்மி இனிச் சாகாது.

இந்த வரலாற்றை எழுதும்போது ஒரு சங்கடம் வந்தது. மாதாமாதம் வெளியாகிற பாவனைக் கணக்குகளில் எந்த மூவ் எத்தனை வீதம் எண்டு இருக்கு, ஸ்மோகனின் பக்கங்களில் நிலைபெற்ற செட்டுகள் இருக்கு. தோத்த செட்டுகள் அப்படி நிற்கேல்லை. பூச்சி ஹிடன் பவருக்கு முதல் அந்த இடத்தில எத்தனை பேர் எத்தனை மூவைப் போட்டுப் பார்த்து மூக்குடைபட்டிருப்பாங்கள்? எந்த நாட்டில, எந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியன் முதல் 361ஐக் கணக்குப் பார்த்து 364க்குப் போனான்? அரசர்களின் வெற்றி மட்டும் எழுதின கல்வெட்டைத் திட்டுகிற நாங்கள் இங்கயும் வெண்ட செட்டை மட்டும் வைச்சுத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு ஆறுதல், மூன்றாம் தலைமுறைக் களம் இன்னும் மூடப்படேல்லை. 2002இல வந்த விளையாட்டுக்கு ஆக்கள் இன்றைக்கும் ஷோடவுனில் மோதுறாங்கள், டைரானிடாரின் நாலாவது இடத்துக்காக இன்னும் சண்டை நடக்குது. நாங்களும் ஒன்று கட்டியிருக்கிறோம்: டிராகன் டான்ஸ், ரொக் ஸ்லைட், எர்த்குவேக், ஐஸ் பீம், ஜொலி. விஞ்ஞான பீடத்து நண்பனிட்ட ஒரு ஃப்ளைகொன் இருக்கு. சனிக்கிழமை இரவு மோதுறோம், இந்தக் கட்டுரையை அவன் அதுக்கு முதல் வாசிக்கக்கூடாது.