ஆந்தையைப் படம்பிடித்த வரலாறு



நள்ளிரவிற் சாக்குருவியின் குரல் எழுந்தால் வீட்டிலுள்ள முதியோரின் முகம் வாடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், அரசன் கொலையுண்ணும் இரவில் ஆந்தை அலறுகிறது. கீழ்நாடாயினும் மேல்நாடாயினும், மனிதன் ஆந்தையைக் காதாற் கேட்டு அஞ்சினானேயன்றிக் கண்ணாற் கண்டு அறிந்தானல்லன். அது பறக்கும் கோலத்தை ஒரு படத்திற் பதித்துக் காண எத்துணைக் காலம் சென்றது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதே இன்று நான் சொல்லவிருக்கும் வரலாறு.

பறக்கும் ஆந்தையைப் படம்பிடிக்க விரும்பியவர் முன் மூன்று தடைகள் நின்றன. பறவை நில்லாது இயங்குவது ஒன்று. அது இருளில் இயங்குவது மற்றொன்று. மனிதன் அணுகினால் அது அகன்று விடுவது மூன்றாவது.

முதலாவது தடையைக் கணக்கினால் விளக்கலாம். ஆந்தையொன்று செக்கனுக்கு 5 மீற்றர் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமெராவின் கதவு ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், படம் கலங்கிப்போகும். ஆயிரத்திலொரு பங்கு நேரம் திறந்திருந்தாலோ, நகர்வு 5 மில்லிமீற்றர் மட்டுமே. பிரான்சு தேசத்து உடலியல் அறிஞர் மாரே என்பவர் 1882ஆம் ஆண்டில் துப்பாக்கி வடிவிலமைந்த கமெரா ஒன்றை ஆக்கினார். அது செக்கனுக்கு 12 படங்களைப் பிடித்தது; ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரம் செக்கனில் 720இல் ஒரு பங்கு. பறவையை நோக்கி நீண்ட அத்துப்பாக்கி உயிரைப் பறிக்கவில்லை. சிறகின் அசைவை மட்டுமே கவர்ந்தது. ஆயினும் அதற்கு நல்ல பகலொளி வேண்டும். ஆந்தையோ இருளின் பறவை.

மற்றை இரு தடைகளுக்கும் மருந்து தேடியவர்களுள் ஒருவரே இரண்டிலும் பங்குகொண்டது வியப்புக்குரியது. ஜேர்மனியைச் சேர்ந்த அடோல்ப் மீத்தே, 1887இல் காய்டிக்கே என்பாரோடு சேர்ந்து, மகனீசியத் தூளை எரித்துக் கணப்பொழுதிற் பேரொளி உண்டாக்கும் முறையை வகுத்தார். 1891இல், இலண்டனில் டால்மயரும் மியூனிச்சில் ஸ்ரைன்ஹைலும் தனித்தனியே முயன்ற அதே காலத்தில், அவரும் தொலைப்பட வில்லையை அமைத்தார். முன்னே குவிவில்லைத் தொகுதியும் பின்னே குழிவில்லைத் தொகுதியும் கொண்டு, தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாக்கித் தரும் கருவி அது. இருளை அகற்ற ஒன்று. எட்டத்தில் நின்றே காண மற்றொன்று. ஆனால் அக்காலத் தொலைப்பட வில்லை மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. மலையையும் கோபுரத்தையும் அது படம்பிடிக்கலாம். பறக்கும் பறவையைப் பிடிக்க இயலாது.

எனவே பறவையை விரும்பியோர் எட்டநிற்கும் வழியை விட்டு, கிட்டச்செல்லும் வழியையே நாடினர். இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர்கள் 1892இல் பறவைக் கூடொன்றைப் படம்பிடித்துத் தம் பணியைத் தொடங்கினர். பின்னர் வெறுங்கூடாக்கிய மாட்டுத்தோலின் உள்ளே ஒளிந்திருந்தும் பறவைகளை அணுகினர். மேய்கின்ற மாட்டைக் கண்டு பறவை அஞ்சாதன்றோ!

இவ்வழியில் வந்தவரே எரிக் ஹொஸ்கிங். 1909இல் இலண்டனிற் பிறந்த இவர், 1937ஆம் ஆண்டு மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் டொல்டோவ்லொட் என்னுமிடத்தில் பழுப்பு ஆந்தையொன்றின் கூட்டருகே உயரமான மறைவிடம் அமைத்திருந்தார். ஓரிரவு இருளில் அவர் அம்மறைவிடத்தை அடைந்தபோது, கூட்டைக் காத்து நின்ற ஆந்தை அவர் முகத்திற் பாய்ந்தது. சிறகோசை சிறிதும் கேட்கவில்லை. ஆந்தையின் சிறகு முன்விளிம்பிற் சீப்புப் போன்ற பற்களும், பின்விளிம்பில் மென்மையான விளிம்பிழைகளும், மேற்பரப்பிற் பட்டுப்போன்ற பூம்பிசிரும் கொண்டிருப்பதால் அது ஓசையின்றிப் பறக்கிறது என்பதை, அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1934இல், கிரகாம் என்னும் ஆங்கிலேயர் விளக்கியிருந்தார். அவ்வறிவின் கூர்மையை ஹொஸ்கிங் தம் இடக் கண்ணில் உணர்ந்தார்.

பெனிசிலின் மருத்துவ வழக்கிற்கு வராத காலம் அது. காயத்திற் கிருமி புகுந்தது. ஒரு கண்ணை அகற்றாவிடின் மறு கண்ணுக்கும் கேடு வரலாம் என்ற நிலையில், இடக் கண் அகற்றப்பட்டது. பார்வையையே தொழிலாகக் கொண்டவருக்கு அப்போது வயது 27. பிறராயின் ஆந்தையைச் சபித்திருப்பர். அவரோ மீண்டும் ஆந்தைகளை நாடிச் சென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்க அறிஞர் எட்ஜேட்டன் 1930களில் வளர்த்த மின்னொளி முறை பறவைப் படப்பிடிப்புக்கும் வந்தது. செக்கனில் ஆயிரக்கணக்கான பங்குகளுள் ஒன்றில் மின்னி மறையும் அவ்வொளியைக் கொண்டு, 1948இல், வாயில் எலியைக் கவ்விச் சிறகு விரித்த கூகையை ஹொஸ்கிங் பதித்தார். அப்படம் உலகப்புகழ் பெற்றது. 1970இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு, பறவைக்காகவே வாய்த்த கண் என்றும் பறவைக்கு ஈந்த கண் என்றும் இருபொருள் படும்படி அவர் பெயர் சூட்டினார்.

ஆயினும் அந்த முறையிலும் ஒரு குறை இருந்தது. கூட்டுக்குத் திரும்பும் ஆந்தையையே அது காட்டியது. புல்வெளியின்மேல் தன்னிச்சையாக இரை தேடித் திரியும் ஆந்தையைக் காட்டவில்லை. எப்பக்கம் வரும் என்று அறியாத பறவைக்கு விளக்கை எங்கே நாட்டுவது? அதற்குத் தொலைப்பட வில்லை முதிர்ச்சி பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒளியை மிகுதியாக ஏற்கும் வில்லைகள் வந்தன. 1985இல் கமெராவே தன்னிற் குவியத்தைச் சரிசெய்யும் மினோல்ற்றா கருவியும், 1995இல் கை நடுக்கத்தைத் தணிக்கும் கனன் நிறுவன வில்லையும் வந்தன. பின்னர் மங்கிய ஒளியையும் உணரும் இலக்கமுறைக் கமெரா வந்தது. 600 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லை, 60 மீற்றருக்கு அப்பாலுள்ள ஆந்தையை, 50 மில்லிமீற்றர் வில்லை 5 மீற்றரிற் காட்டும் அளவிற் காட்டும். ஆதலின் இன்று பிரித்தானியாவிலே, பகலில் வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தையையும், மாரிகால மாலையில் வெளிவரும் கூகையையும் வேலியோரத்தில் நின்றபடியே படம்பிடிக்கின்றனர். அவர்கள் ஆந்தையைத் தேடி ஓடுவதில்லை. அது நாளும் பறக்கும் பாதையை அறிந்து, காத்து நின்று, அது வரும்போது வில்லையை அதனோடு சேர்த்துத் திருப்புகின்றனர்.

1981ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டப்படி, கூட்டிலிருக்கும் கூகையை வேண்டுமென்றே கலைப்பது குற்றம். அங்கே படம்பிடிக்க உரிமம் வேண்டும். எனினும் கருவியும் சட்டமும் மட்டும் போதுமா? வட அமெரிக்காவிற் சிலர் உயிருள்ள எலியை வீசிப் பனியாந்தையைக் கமெராவின் முன் வரவழைக்கின்றனர். இவ்வாறு பழகிய பறவை மனிதனையும் வண்டிகள் ஓடும் தெருவையும் அஞ்சாது அணுகும். அதனால் உயிரிழக்கவும் கூடும். எட்டநிற்கவென ஆக்கிய வில்லையைக் கையில் ஏந்திக்கொண்டே, பறவையைக் கிட்ட இழுக்கும் செயல் இது.

நேயர்களே! 1937இல் அந்த ஆந்தை செய்தது குற்றமன்று. தன் எல்லை எதுவென அது காட்டியது. அவ்வெல்லைக்கு வெளியே நின்று காணும் வழியை மனிதன் கண்டடைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அறிவு என்பது பொருளை நெருங்குவது மட்டுமன்று; எவ்வளவு விலகி நிற்பது என்பதை அறிவதுமாம். இனிச் சாக்குருவியின் குரல் கேட்கும்போது, அஞ்சிக் கதவை அடைக்காமலும், கல்லெடுத்து விரட்டாமலும், சற்றுத் தள்ளி நின்று அதன் சிறகைக் காண முயல்வோமாக.