கேஸ் ஷீட்டில் இல்லாத கையொப்பம்: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும் நர்சிங் உதவியாளரின் தொழில்மதிப்பும்

1. கருதுகோள்

மருத்துவமனை ஊழியருக்கு மரியாதை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது நடத்தை பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. நோயாளியின் உறவினர் அதட்டக் கூடாது. மருத்துவர் ஒருமையில் கூப்பிடக் கூடாது. மே 12 உலகச் செவிலியர் நாளன்று உதவியாளரையும் மேடையேற்றிச் சால்வை போர்த்த வேண்டும். யாரும் மறுக்கமாட்டாத கோரிக்கைகள்தாம் இவை. இத்தனையையும் ஒரு மருத்துவமனை நிறைவேற்றிய பிறகும் நர்சிங் உதவியாளரின் நிலை அப்படியே இருக்கக்கூடும். அவர் வேலைக்கு எல்லை வகுக்கப்படவில்லை. தாம் கண்டதை எழுதும் உரிமை அவருக்கு இல்லை. பத்தாண்டு அனுபவம் அவரை அடுத்த படிக்குக் கொண்டுபோவதும் இல்லை.

தொழில்மதிப்பு முதலில் ஏட்டில் ஏற வேண்டும், வாய்ச்சொல் அதைத் தொடர்ந்து வரும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கத் திருப்பூர் வட்டாரம் ஏற்ற களம். ஒரு பனியன் உருவாகும் வழியில் வரும் ஒவ்வொரு கைவேலைக்கும் பெயரும் கூலியும் வைத்திருக்கும் ஊர் இது. அதே ஊரின் மருத்துவமனை வார்டில், சில வேளை அதே பனியன் தொழிலாளர் வீட்டுப் பெண்களே செய்யும் வேலைக்கு அப்படியொரு ஏற்பாடு ஏன் உருவாகவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

2. படுக்கையருகே நடப்பது

உதவியாளர் வேலையைத் 'துணை வேலை' என்று ஒதுக்குகிறவர்கள் அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஓவர்லாக் மெஷினில் விரலில் ஊசி ஏறிய தொழிலாளி ஒருவர் ஒரு சிறு மருத்துவமனைக்கு வருகிறார் என்று கொள்வோம். சுற்றிய பனியன் துணி ரத்தம் உறைந்து ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் காயம் மறுபடி திறக்கும். சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். தவறினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். முறிந்த ஊசித்துண்டு உள்ளே நிற்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போக வேண்டும். வந்தவர் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ என்றால், கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்பதை அரைகுறை இந்தியில் கேட்டு வாங்கவும் வேண்டும். மருத்துவர் உள்ளே வருமுன் இவ்வளவும் முடிந்திருக்கும். செய்தவர் பெரும்பாலும் உதவியாளர்.

உள்நோயாளிப் பிரிவில் இந்த அறிவு இன்னும் நுணுக்கமானது. பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறவர், புரட்டும்போதே குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்கிறார். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்கிறார். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பெரிய கவலை இல்லை. வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். சிறுநீர்ப் பையின் அளவும் நிறமும், கஞ்சி விழுங்கும்போது புரைக்கேறுகிறதா என்பது, நேற்றுப் பேசியவர் இன்று பேச்சுக் குறைந்திருப்பது ஆகியவற்றை முதலில் அறிபவரும் அவரே. இவை அனைத்தும் மருத்துவத் தரவுகள்.

ஷிப்ட் மாறும்போது இந்தத் தரவுகளை அவர் செவிலியரிடம் வாயால் சொல்கிறார். செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். வேலை நெருக்கடியில் சொன்னது எழுதப்படாமல் போனால் அது நடக்காததாகவே ஆகிவிடும். புண் வராமல் காத்தவர் யார் என்பதற்கு ஏட்டில் சான்று இல்லை. புண் வந்துவிட்டால் மட்டும் 'புரட்டிப் போட்டாயா?' என்ற கேள்வி உதவியாளரைத் தேடி வரும். பொறுப்பு அவருடையது, பதிவு வேறொருவருடையது என்ற இந்தப் பிளவே மதிப்பின்மையின் வேர்.

3. சட்டத்தின் பார்வை

இந்தப் பிளவு தனிப்பட்ட மருத்துவமனைகளின் பழக்கம் மட்டுமன்று. சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டின் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டமும், நாட்டளவில் 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டமும் தகுதி பெற்றோருக்கான பதிவேடுகளை உருவாக்கின. 1947 சட்டத்தின் இடத்தை நிரப்ப 2023இல் புதிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவேட்டின் வாசலோ இன்றும் அங்கீகாரம் பெற்ற படிப்புகள்தாம்: இரண்டாண்டுத் துணைச் செவிலியப் படிப்பு, மூன்றாண்டு டிப்ளமோ, நான்காண்டுப் பட்டம். தனியார் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு படித்துச் சான்றிதழ் வாங்கிய உதவியாளர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அரசே செவிலியம் கற்பிக்கிறது. அதில் தேறியவருக்கும் அந்தச் சான்றிதழே பதிவாக மாறுவதில்லை, மேலும் படிக்கத்தான் அது உதவும்.

ஆய்வகம், கதிரியக்கம், இயன்முறை முதலிய பிரிவினருக்காக 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் அட்டவணையிலும் நர்சிங் உதவியாளர் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது செவிலியருக்கானது, உதவியாளர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

சட்டம் அவரைத் தெளிவாகக் காணும் இடம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர் எவராயினும் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும், ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. கழிவுப் பைகளுக்கு பார்கோடு உண்டு. அன்றாடக் கணக்குக்கு ஒரு பதிவேடும் உண்டு. அவர் புண்ணிலிருந்து எடுத்த பஞ்சு மஞ்சள் பையில் விழுந்ததும் எடை போடப்பட்டு ஏட்டில் ஏறிவிடுகிறது. அந்தப் புண் எந்த நிலையில் இருந்தது என்று அவர் கண்டது எந்த ஏட்டிலும் அவர் பெயரில் ஏறுவதில்லை.

உலக அளவிலும் இந்த இரட்டைப் பார்வை இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் நிறைவேற்றிய செவிலியப் பணியாளர் உடன்படிக்கை, செவிலியப் பராமரிப்புத் தரும் எல்லா வகையினரையும் செவிலியப் பணியாளர் என்றே கொண்டது. உடன் வந்த 157ஆம் பரிந்துரை அவர்களைத் தொழில்முறைச் செவிலியர், துணைச் செவிலியர், செவிலிய உதவியாளர் என மூன்று அடுக்காக வகுத்தது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. அதே அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடோ உதவியாளரைச் செவிலியரிடமிருந்து பிரித்து, சமையல்காரர், முடிதிருத்துநர், விற்பனையாளர் இடம்பெறும் ஐந்தாம் பெரும்பிரிவில் வைக்கிறது. அந்தத் தொழில்கள் இழிந்தவை என்பது இங்கு வாதமன்று. ஒரே வேலை ஓர் ஆவணத்தில் செவிலியமாகவும் இன்னொன்றில் தனிநபர் சேவையாகவும் நிற்பது, அதன் எல்லை இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

4. பனியன் கம்பெனியின் ஏடு

திருப்பூரில் கட்டிங், பவர்டேபிள், ஓவர்லாக், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலைகள் பிரிந்திருக்கின்றன. 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த நெடிய வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருக்கும் ஊர் இது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் பிரிவுவாரியாகக் கூலி முடிவு செய்யும் மரபு இங்கே தொடர்கிறது. 2021இல் முடிவான ஒப்பந்தம் நான்காண்டுகளுக்கு 32 விழுக்காடு உயர்வை வகுத்தது.

இந்த ஏற்பாட்டை மெச்சி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ஒப்பந்தக் கூலி எல்லாக் கம்பெனியிலும் கைக்கு வருவதில்லை. காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் அதைக் கரைத்துவிடுகின்றன. ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிட்ட இடங்களில் எட்டு மணி நேரக் கணக்கே பேச்சளவில் நிற்கிறது. கட்டிங் மேசை ஆண்களுக்கு, பிசிர் வெட்டுதல் பெண்களுக்கு என்ற பாகுபாடும் இதே பிரிவினைக்குள் ஒளிந்திருக்கிறது. இருந்தும் குறை சொல்ல ஒரு காகிதம் இருக்கிறது. கூலி குறைந்தால் எதிலிருந்து குறைந்தது என்று சங்கம் காட்ட முடிகிறது. ஹெல்பராக நுழைந்தவர் மெஷினில் உட்கார்ந்து டெய்லராகும் வழியும் எல்லாருக்கும் தெரிந்ததே.

குறிப்பாக, செக்கிங் பெண்ணின் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ கண்டால் அவர் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அந்த பீஸ் பேக்கிங்குக்குப் போகாது, திருத்தத்துக்குத் திரும்பும். கூலி குறைந்த பிரிவுதான். எனினும் அவர் கண் கண்டது உற்பத்தியை நிறுத்தும் அடையாளமாக மாற ஒரு வழி இருக்கிறது. குதிகாலில் வெளுக்காத சிவப்பைக் கண்ட உதவியாளரின் கண்ணுக்கு அத்தகைய வழி இல்லை. பனியனின் குறையைப் பதிவு செய்யும் ஊர், உடம்பின் குறையைக் கண்டவரிடம் வாய்ச்சொல்லை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

5. அழுக்கும் சாதியும்

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நிர்வாக அசட்டை மட்டுமா? அமெரிக்கச் சமூகவியலர் எவரெட் ஹியூஸ் 1951இல் செவிலியர் வேலையைப் பற்றி எழுதியபோது ஒரு போக்கைச் சுட்டினார்: ஒரு தொழில் தரத்தில் உயரும்போது, மதிப்புக் குறைந்த பணிகளைத் தனக்குக் கீழே ஒரு புதிய பிரிவுக்குத் தள்ளிவிடும். மருத்துவர் கைவிட்டது செவிலியருக்கும், செவிலியர் கைவிட்டது உதவியாளருக்கும் வந்து சேர்ந்தது இந்தப் போக்கில்தான்.

தமிழ்ச் சூழலில் இதற்கு இன்னோர் அடுக்கு உண்டு. மலம், சிறுநீர், ரத்தம், பிரசவத் தீட்டு ஆகியவற்றைத் தொடும் வேலை இங்கே சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளில் நாவிதர் சமூகப் பெண்கள் பலர். அவர்கள் கைத்திறனை எல்லா வீடும் தேடியது; திண்ணைக்கு மேலே அந்தத் தேடல் ஏறவில்லை. திறமையை வாங்கிக்கொண்டு தகுதியை மறுக்கும் அந்தப் பழக்கம், வெள்ளைச் சுவர் வார்டிலும் பெட்பேன் எடுப்பவரைப் பார்க்கும் பார்வையில் எஞ்சியிருக்கிறது. இதனால்தான் பாராட்டு விழா போதாது என்கிறோம். மருத்துவச்சியையும் ஊர் வாயாரப் புகழ்ந்திருக்கிறது. அமெரிக்க மெய்யியலர் நான்சி பிரேசர் அங்கீகாரத்தையும் பங்கீட்டையும் பிரிக்கக் கூடாது என்று வாதிட்டதன் பொருத்தம் இங்கே விளங்கும்: கூலியும் உரிமையும் சேராத புகழ்ச்சி, பழைய ஏற்பாட்டையே இனிப்புத் தடவி நீட்டிக்கும்.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு பதிவுபெற்ற செவிலியரிடமிருந்து வருகிறது. உதவியாளருக்குச் சட்டப் பெயர் கொடுத்தால், நிர்வாகங்கள் செவிலியரைக் குறைத்து அந்த இடத்தில் உதவியாளரை நிறுத்திவிடும் என்ற அச்சம் அது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த மாற்றீட்டுக்கு இன்று வழிவிடுவதே எல்லையின்மைதான். ஊசி போடுவது யார் வேலை, யார் வேலை அல்ல என்று எழுதப்படாத இடத்தில், ஓராண்டு சான்றிதழ்காரரிடம் சிரிஞ்சைக் கொடுப்பது எளிது. எல்லை எழுதப்பட்டால் அது உதவியாளருக்குக் கவசம், செவிலியருக்கு வேலி. 'அது என் பணி இல்லைங்க' என்று மறுக்கும் உரிமையும் தொழில்மதிப்பில் சேர்ந்ததே.

இரண்டாவது மறுப்பு, பதிவும் தேர்வும் வந்தால் ஏழைப் பெண்களுக்கு இருக்கும் ஒரு வழியும் அடைபடும் என்பது. ஆனால் பதிவில்லாத பராமரிப்பின் விலையை இம்மாநிலமே பார்த்திருக்கிறது. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட செய்தி விசாரணையில், தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை பார்த்த ஏறத்தாழ 100 பெண்கள், மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தங்களுக்குத் தரப்பட்டதைச் சொன்னார்கள். அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, முதலுதவிப் பெட்டிக்குச் சான்றிதழ் பெற்ற ஒருவரையும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் செவிலியப் பணியாளரோடு கூடிய முதலுதவி அறையையும் கேட்டிருந்தது. பராமரிப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில், தீங்கு நேர்ந்தபின் கேட்பதற்குப் பெயரும் இல்லை, பார்ப்பதற்குப் பதிவும் இல்லை. ஏழைப் பெண்ணுக்கு வழி அடைபடாமல் இருக்க வேண்டுமானால், முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் ஏற்பாடு வேண்டும். அதற்கான கட்டமைப்பு திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஏற்கெனவே உள்ளது. 2021 ஜூனில் கோவிட் முன்களப் பணிக்காக 26 மாநிலங்களில் 111 மையங்களில் ஒரு லட்சம் பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி தரத் திட்டமிட முடிந்த அரசுக்கு, ஏற்கெனவே வார்டில் நிற்பவரை மதிப்பிடுவது ஆகாத காரியமன்று.

பிற நாடுகள் உதவியாளர் பணியை ஒழுங்குபடுத்துவதைப் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பிறகே செய்தன. முதியோர் இல்லங்களின் சீர்கேட்டுக்குப் பின் அமெரிக்கா 1987இல் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியையும் மாநிலப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையின் பராமரிப்பு அவலத்துக்குப் பின் 2013இல் உதவியாளர்களைப் பற்றிய கேவண்டிஷ் ஆய்வறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 2015இல் பராமரிப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது.

7. முடிவுரை

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஐம்பதுகளில் உருவான துணைச் செவிலியர் பணிக்குப் படிப்பும் பதிவேடும் பதவியும் கிடைத்தன. கிராம சுகாதாரச் செவிலியர் இன்று துணைச் சுகாதார நிலையத்தின் முகமாக நிற்பதற்கு அந்த மூன்றுமே அடிப்படை. நர்சிங் உதவியாளருக்கும் அதே வழி திறக்க வேண்டும்.

திருப்பூர் அளவில் மூன்று நடவடிக்கைகள் உடனே சாத்தியம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும் உதவியாளர் செய்யலாகும், செய்யலாகாப் பணிகளின் பட்டியலை வார்டில் ஒட்டலாம். கேஸ் ஷீட்டோடு ஒரு கண்காணிப்புத் தாள் இணைத்து, புரட்டிய நேரம், தோலின் நிலை, உணவு, சிறுநீர் அளவு ஆகியவற்றை உதவியாளரே எழுதிக் கையொப்பமிடவும், செவிலியர் அதைப் பார்த்து மேலொப்பமிடவும் செய்யலாம். மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்ச ஊதிய வரிசையில் பயிற்சி, அனுபவம் ஆகியவற்றுக்கேற்ற படிநிலைகளைத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்கலாம். பிரிவுவாரியாகப் பேரம் பேசும் பழக்கம் இவ்வூர்ச் சங்கங்களுக்குப் புதிதல்ல.

மூன்றில் முதல் இரண்டுக்கும் பெரிய செலவில்லை. எதிர்ப்பு அதிகம் வரப்போவது இரண்டாவதற்குத்தான். கையொப்பம் வந்தால் நேரக் கணக்கு வரும். இரவில் முப்பது நோயாளிக்கு ஒருவரே நின்றார் என்பது அவர் எழுத்திலேயே தெரியும். ஆள் பற்றாக்குறையை மறைக்க நிர்வாகத்தால் முடியாது. உதவியாளரின் அங்கீகாரம் இவ்வளவு காலம் தள்ளிப்போனதற்கு இந்தக் காரணமே போதுமானது. அந்த அங்கீகாரத்தைக் கேட்க வேண்டியவர்களில் முதலாமவர் நோயாளி என்பதற்கும் இதுவே காரணம்.