செடி வளர்க்கும் மீன் தொட்டி: எத்தனை மீன் விடலாம்?

60×30×30 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். அடியில் 5 செ.மீ. மண், மேலே 3 செ.மீ. இடைவெளி போக, மீனுக்குக் கிடைப்பது சுமார் 40 லிட்டர்தான். கணக்கை இங்கிருந்து தொடங்குங்க.

கடையில் பார்க்கும் அளவு போதுமா?
போதாது. நீளம் இரு மடங்கானால் மீனின் எடை ஏறத்தாழ 8 மடங்காகும், கழிவும் கூடும். ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று விரலளவில் விற்கப்படும் சக்கர் மீன் 30 செ.மீ. தாண்டி வளரும். முழு வளர்ச்சியில் எவ்வளவு வரும்னு கேட்டு வாங்குங்க.

செடி இருந்தால் கூடுதலாக விடலாமா?
செடிகள் அம்மோனியாவை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் விளக்கு அணைந்ததும் அவையும் ஆக்சிஜனை எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், நெரிசலா என்று பாருங்க.

அப்போ எத்தனை?
40 லிட்டருக்கு 8 நியான் டெட்ரா, ஒரு ஹனி கௌராமி போதும். டெட்ராவை முதலில் விடுங்க. இரண்டு வாரம் கழித்தும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டினால் கௌராமி. கப்பி ஆசையா? டெட்ராவுக்குப் பதிலாக, ஆண் மட்டும். ஒரு பெண் கப்பி மாதாமாதம் குஞ்சு போடும், கணக்கு கைமீறிவிடும்.

ஏற்கெனவே அதிகமா?
கடையில் திருப்பிக் கொடுங்க, ஏரியில் விடாதீங்க. தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறிய சக்கர் மீன்கள் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்க நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கின்றன. மீனவர் வலைகளையும் கிழிக்கின்றன.